நாளுக்கு இரண்டாயிரம் ரூபாயில் வெளிநாட்டுப் பயணம்: வாசகர் கேள்விக்கு வழக்கறிஞரின் பதில்

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து 24 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியே தெரியக்கூடாது என்று கேட்டிருப்பதால் இரண்டையும் விட்டுவிடுகிறேன். டிப்ளமோ முடித்து மூன்று ஆண்டுகள் தனியார் நிறுவனத்தில் பணியாற்றியவர் இப்போது வேலையை விட்டுவிட்டார். சேமிப்பில் இருக்கும் 1,30,000 ரூபாயைக் கொண்டு, முதுகில் ஒரே பையுடன் 42 நாள் தென்கிழக்காசியாவைச் சுற்றிவரத் திட்டமிட்டிருக்கிறார். சென்னையிலிருந்து பாங்காக்கில் பத்து நாள், பிறகு விமானத்தில் ஹனோய், அங்கிருந்து ரயிலில் ஹோ சி மின் நகரம் வரை இருபது நாள், கடைசியாகக் கோலாலம்பூரும் பினாங்கும் பன்னிரண்டு நாள், முடிவில் கோலாலம்பூரிலிருந்து திருச்சி. விமானக் கட்டணங்களுக்கு 46,000 ரூபாயை ஒதுக்கிவிட்டு, மீதி 84,000 ரூபாயை நாளுக்கு 2,000 வீதம் பிரித்து வைத்திருக்கிறார்.

அவர் கேட்டவற்றைச் சுருக்கிச் சொல்கிறேன். தேதி முடிவாகாததால் ‘டம்மி டிக்கெட்’ காட்டி நுழைந்துவிடலாமா? ஹாஸ்டலில் சில மணி நேரம் வேலை செய்து அதற்கு ஈடாக இலவசப் படுக்கை வாங்கிக்கொள்ளலாமா? நம் ஊர் லைசென்ஸை வைத்து அங்கே பைக் ஓட்டலாமா? பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்டால் கொடுக்கலாமா? பயணக் காப்பீடு வீண் செலவுதானே? மலேசியாவின் எல்லை ஊரான ஜொகூர் பாருவிலிருந்து ஒரு நாள் சிங்கப்பூர் போய்வர முடியுமா? பணம் தீர்ந்துபோனால் இந்தியத் தூதரகம் ஊருக்கு அனுப்பிவிடும் என்கிறார்களே, உண்மையா? அம்மா சம்மதிக்கவில்லை, சொல்லாமல் கிளம்பலாமா? இத்தனையும் கேட்டுவிட்டு, கடிதத்தின் கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்றைச் சேர்த்திருக்கிறார். டெலிகிராமில் பழக்கமான அண்ணன் ஒருவர், தேவைப்பட்டால் கம்போடியாவில் ஒரு மாதம் டைப்பிங் வேலை ஏற்பாடு செய்வதாகவும், தங்குமிடமும் சாப்பாடும் இலவசம் என்றும் சொல்லியிருக்கிறாராம்.

அன்புள்ள வாசகருக்கு,

கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன்

உங்கள் கடிதத்தில் உள்ள மற்ற தவறுகள் எல்லாம் பணத்தையும் நாட்களையும் பறிக்கக்கூடியவை. கம்போடியா பற்றிய அந்த ஒரு வரி உங்களையே பறித்துவிடக்கூடியது. கம்போடியா, மியான்மர், லாவோஸ், தாய்லாந்து ஆகிய நாடுகளின் பெயரில் வரும் ‘டேட்டா என்ட்ரி’, ‘டைப்பிங்’, ‘டிஜிட்டல் மார்க்கெட்டிங்’ அழைப்புகளை நம்ப வேண்டாம் என்று நம் வெளியுறவு அமைச்சகம் 2022 முதல் திரும்பத் திரும்ப எச்சரித்து வருகிறது. அந்த அழைப்பை நம்பிப் போகிறவர்களின் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, சுற்றுச்சுவருக்குள் அடைத்து, இணைய மோசடிக் கும்பலுக்காக நாள் முழுக்கத் தட்டச்சு செய்யவைக்கிறார்கள். மறுப்பவர்களுக்கு அடி விழுகிறது. விடுவிக்கப் பணமும் கேட்கிறார்கள். 2025 மார்ச்சில் மியான்மரின் மியாவடிப் பகுதியிலிருந்து மீட்கப்பட்ட ஐநூறுக்கும் மேற்பட்ட இந்தியர்களை, எல்லைக்கு இப்பால் தாய்லாந்தில் உள்ள மே சோட்டிலிருந்து விமானப்படை விமானங்களில் அழைத்து வந்தார்கள். இப்படிச் சிக்கியவர்களில் பலர் சுற்றுலாப் பயணியாகவே பாங்காக்கில் இறங்கியவர்கள்.

1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவுச் சான்று இல்லாத எவரும் இந்தியாவிலிருந்து வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கக்கூடாது. பதிவு பெற்ற முகவர்களின் பட்டியல் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. டெலிகிராம் அண்ணனின் பெயரை அதில் தேடிப் பாருங்கள். அவர் அங்கே இருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன். இருந்தாலும்கூட, சுற்றுலாவுக்கு என்று நுழைந்து வேலை பார்ப்பது உங்களையே அந்நாட்டுச் சட்டத்தின் முன் குற்றவாளியாக்கும். பிறகு நீங்கள் புகார் கொடுக்கப் போகவும் தயங்குவீர்கள். அந்தத் தயக்கம்தான் அவர்களுக்கு மூலதனம்.

இன்னொரு விளைவும் உண்டு. தாய்லாந்துக்கோ கம்போடியாவுக்கோ தனியாகக் கிளம்பும் இளைஞர்களிடம் நம் விமான நிலையத்து இமிகிரேஷனிலேயே இப்போது நிறையக் கேள்வி கேட்கிறார்கள். சுற்றுலா என்று வாயால் சொல்லிவிட்டு, கைப்பேசியில் வேலைப் பேச்சை வைத்திருந்தால், சென்னையிலேயே உங்கள் பயணம் முடிந்துவிடக்கூடும். வெளிநாடு செல்லும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவுக்குள் அடங்கியது என்று உச்ச நீதிமன்றம் 1967இல் சத்வந்த் சிங் வழக்கிலும் 1978இல் மேனகா காந்தி வழக்கிலும் சொல்லியிருக்கிறது. அந்த உரிமை உங்களுக்கும் உண்டு; தடுத்தால் காரணம் கேளுங்கள். ஆனால் கவுன்ட்டரில் நின்று தீர்ப்புகளை மேற்கோள் காட்டுவதைவிட, தங்குமிட முன்பதிவையும் திரும்பும் டிக்கெட்டையும் எடுத்துக் காட்டுவது விரைவில் வேலையை முடிக்கும். முப்பது ஆண்டுகள் கறுப்புக் கோட்டு அணிந்தவன் சொல்கிறேன்.

விசா விலக்கும் நுழைவு உரிமையும்

நீங்கள் விசா விலக்கை நுழைவு உரிமை என்று எடுத்துக்கொண்டதாகத் தெரிகிறது. தாய்லாந்து 2024 ஜூலை 15 முதல் இந்தியர்களுக்கு விசா இல்லாமல் 60 நாள் தங்கும் சலுகையை அறிவித்தது. மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் சலுகை தந்து, அதை 2026 இறுதி வரை நீட்டித்தது. அரசு அறிவிப்பால் வந்தவை அரசு அறிவிப்பாலேயே மாறும் என்பதால், புறப்படும் வாரத்தில் அந்தந்தத் தூதரகத் தளத்தில் மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள். விலக்கு இருந்தாலும், போதிய பணமும் தங்க இடமும் திரும்பும் வழியும் இல்லை என்று தோன்றினால், வாசலிலேயே திருப்பி அனுப்ப அதிகாரிக்கு முழு அதிகாரம் உண்டு. கையில் போதிய வாழ்வாதாரம் இல்லாதவரை நுழைய விடக்கூடாது என்று தாய்லாந்தின் குடிநுழைவுச் சட்டமே சொல்கிறது. அங்கே 20,000 பாட் வரை காட்டச் சொல்லலாம். நம் பணத்தில் அது ஐம்பதாயிரத்துக்கு மேல்.

உங்கள் திட்டத்தின் பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கிறது. பாங்காக்கில் இறங்கும்போது உங்களிடம் 84,000 ரூபாய் முழுதாக இருக்கும். அங்கே சிக்கல் இல்லை. நாளுக்கு 2,000 வீதம் ஒழுங்காகச் செலவழித்துக்கொண்டே வந்தால், முப்பத்தோராம் நாள் கோலாலம்பூர் கவுன்ட்டரில் நிற்கும்போது 24,000தான் மிஞ்சியிருக்கும். ஹோ சி மின் நகரத்தில் ஒரு நாள் காய்ச்சலாகப் படுத்திருந்தால் அதுவும் இருக்காது. தினச் செலவைச் சமமாகப் பிரித்துக்கொள்பவர் எல்லோரும் கடைசி எல்லைக்கு மெலிந்த பணப்பையோடுதான் வந்து சேர்கிறார்கள். அங்கே திருப்பி அனுப்பினால், உங்களை ஏற்றி வந்த விமான நிறுவனமே திரும்ப ஏற்றிக்கொண்டு போகும். அந்தக் கட்டணம் உங்கள் தலையில் விழும். அதுவும் வந்த இடமான வியட்நாமுக்கு என்றால், ஒரு முறை நுழையும் விசாவைப் பயன்படுத்தி முடித்தவரின் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே 2,000 ரூபாயை 1,500 ஆகக் குறைப்பதைவிட, 42 நாளை 30 நாளாகக் குறைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் யோசனை. பாங்காக் ஏழு, வியட்நாம் பதினைந்து, மலேசியா எட்டு. தினச் செலவு 60,000, மிச்சம் 24,000. அதிலிருந்து காப்பீட்டுக்கும், 25 டாலர் வியட்நாம் இ-விசாவுக்கும் எடுத்தது போக ஏறக்குறைய 19,000 நிற்கும். அதைத் தனிக் கணக்கில் போட்டு, பயணத்தில் தொடாமல் வையுங்கள். அப்போது கோலாலம்பூர் கவுன்ட்டரில் உங்களிடம் 35,000 ரூபாயும் திருச்சி டிக்கெட்டும் இருக்கும். எட்டு நாளுக்கு அது மதிப்பான தொகை. நாட்கள் குறைவதை எண்ணிக் கவலைப்படுவீர்கள் என்று தெரியும். ஹனோயிலிருந்து ஹோ சி மின் நகரம் வரை 1,726 கிலோமீட்டர் ரயில் பாதை பதினைந்து நாளிலும் அங்கேயேதான் இருக்கும், இரவு ரயிலில் ஏறினால் ஒரு படுக்கை வாடகையும் மிச்சம்.

டம்மி டிக்கெட்டுக்கு இப்போது வருகிறேன். விமான நிறுவனமே சில நாள் நிறுத்திவைத்துத் தரும் உண்மையான முன்பதிவு வேறு. யாரோ நூறு ரூபாய்க்குத் தயாரித்துத் தரும் பி.டி.எஃப். வேறு. இரண்டாவது போலி ஆவணம். போலியை உண்மையானதாகப் பயன்படுத்துவது நம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 340ஆவது பிரிவின்படி குற்றம். வெளிநாட்டு அதிகாரியிடம் காட்டினால் அந்நாட்டுச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். அதைவிட முக்கியமாக, உங்களுக்கு அது தேவையே இல்லை. பாங்காக்–ஹனோய் விமானத்தில் எப்படியும் ஏறத்தான் போகிறீர்கள். அந்த டிக்கெட்டை முன்னரே வாங்கிவிட்டால் அதுவே தாய்லாந்தை விட்டு வெளியேறும் சான்று. கோலாலம்பூர்–திருச்சி டிக்கெட் மலேசியாவுக்கான சான்று. தேதி மாற்றம் என்றால் மாற்றுக் கட்டணம் கட்டிக்கொள்ளலாம். ஆவணம் போதாமல் சென்னையிலேயே விமானத்தில் ஏற்ற மறுத்தால், இருக்கை அளவுக்கு மீறி முன்பதிவானதால் இறக்கிவிடப்படுபவருக்குக் கிடைக்கும் இழப்பீடு உங்களுக்குக் கிடைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தாய்லாந்தின் டிஜிட்டல் வருகை அட்டை 2025 மே 1 முதல் கட்டாயம். மலேசியாவிலும் அப்படி ஒன்று உண்டு. இரண்டும் இலவசம். பணம் கேட்கும் தளம் கண்ணில் பட்டால், அது அரசுத் தளமல்ல. சிங்கப்பூருக்கு இந்தியர்கள் முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும். மலேசியச் சலுகை சிங்கப்பூர் எல்லையில் உள்ள உட்லண்ட்ஸ் பாலத்தோடு முடிந்துவிடுகிறது. விசா இல்லாமல் அந்த ஒரு நாள் ஆசையை விட்டுவிடுங்கள்.

படுக்கைக்கு ஈடாக வேலை

ஹாஸ்டல் வரவேற்பறையில் நான்கு மணி நேரம் உட்கார்ந்து இலவசப் படுக்கை வாங்கிக்கொள்வதை ‘தன்னார்வப் பணி’ என்று எழுதியிருக்கிறீர்கள். சம்பளம் வாங்கவில்லையே என்பது உங்கள் வாதம். படுக்கையும் ஒரு கூலிதான் என்பது அதிகாரியின் பதிலாக இருக்கும். தாய்லாந்தில் அனுமதியின்றி வேலை செய்யும் வெளிநாட்டவருக்கு 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதமும், நாட்டைவிட்டு வெளியேற்றமும் உண்டு. ஓர் இரவுப் படுக்கை அங்கே நானூறு பாட் அளவில் கிடைக்கும்போது, இது கட்டுபடியாகாத பேரம். வழுக்கி விழுந்து கை முறிந்தால், வேலையின்போது நேர்ந்தது என்று காப்பீட்டு நிறுவனமும் கைவிரிக்கலாம்; அனுமதி இல்லாத வேலைக்காரருக்குத் தொழிலாளர் சட்டமும் எளிதில் துணைவராது. பலரும் செய்கிறார்கள் என்பது உண்மை. பிடிபட்டவர் ஒருவர்கூட அதைப் பற்றி வீடியோ போடுவதில்லை என்பதும் உண்மை.

பைக்கும் பாஸ்போர்ட்டும்

என்னிடம் வந்த ஓர் இளைஞரின் கதையைச் சொல்கிறேன். தாய்லாந்துத் தீவு ஒன்றில் நாளுக்கு இருநூற்றைம்பது பாட்டுக்கு ஸ்கூட்டர் எடுத்தார். அடமானமாக பாஸ்போர்ட்டை வாங்கிக் கடைக்காரர் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். மூன்றாம் நாள் திருப்பிக் கொடுத்தபோது, கடைக்காரர் குனிந்து பின்பக்க மட்கார்டைத் தடவி, விரல் நீளத்துக்கு ஒரு கீறலைக் காட்டி, 15,000 பாட் கேட்டார். கீறல் முன்பே இருந்ததா என்று இவருக்கு நினைவில்லை. மறுநாள் காலை விமானம். பேரம் பேசி 9,000 கொடுத்து பாஸ்போர்ட்டை மீட்டார். ஊருக்கு வந்து வழக்குப் போட முடியுமா என்று கேட்டார். அங்கே போய் நடத்தும் செலவைச் சொன்னதும் எழுந்து போய்விட்டார்.

1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 17ஆவது பிரிவு, பாஸ்போர்ட் எப்போதும் மத்திய அரசின் சொத்து என்கிறது. உங்களுடையதே அல்லாத ஒன்றை நீங்கள் எப்படி அடமானம் வைப்பீர்கள்? நகலும் கொஞ்சம் ரொக்கமும் கொடுங்கள். ஒத்துக்கொள்ளாத கடையை விட்டு அடுத்த கடைக்குப் போங்கள். வண்டியை எடுக்குமுன் நான்கு பக்கமும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். தகராறு என்றால் தாய்லாந்தில் சுற்றுலாப் போலீஸின் எண் 1155. தங்குமிடத்தில் கேட்பது வேறு விஷயம்: வெளிநாட்டவர் தங்குவதை அதிகாரிகளிடம் பதிவு செய்யும் கடமை தாய்லாந்திலும் வியட்நாமிலும் விடுதிக்காரருக்கு உண்டு என்பதால் அவர்கள் பாஸ்போர்ட்டைப் பார்த்தே ஆகவேண்டும். பதிவானதும் அன்று மாலையே திரும்ப வாங்கிவிடுங்கள்.

லைசென்ஸ் விஷயத்தில் நீங்கள் பாதிதான் சரி. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆயிரம் ரூபாய் கட்டி, ஓராண்டு செல்லுபடியாகும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியைப் பெறலாம். அது சாலைப் போக்குவரத்து பற்றிய 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி தரப்படுவது. தாய்லாந்தில் செல்லும், உங்கள் லைசென்ஸில் இருசக்கர வாகனமும் சேர்ந்திருந்தால். வியட்நாமோ அதே பொருளில் வந்த 1968ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் அனுமதியை மட்டுமே ஏற்கிறது. ஆக, நம் அனுமதி அங்கே வெறும் காகிதம். 2025 தொடக்கத்திலிருந்து வியட்நாமில் போக்குவரத்து அபராதங்களையும் பல மடங்கு உயர்த்தியிருக்கிறார்கள். அங்கே ரயிலும் பேருந்தும், பின்னால் உட்கார்ந்து போகும் வாடகை பைக்குமே உங்களுக்குப் போதும்.

காப்பீடு வீண் என்ற எண்ணத்துக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. பாலிசி வாங்கியும் பணம் கிடைக்காமல் என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் இரண்டு காரணங்களால் தோற்றவர்கள்: செல்லாத லைசென்ஸில் வண்டி ஓட்டியது, மது அருந்தியிருந்தது. இரண்டையும் பாலிசியின் விலக்குப் பட்டியலில் எழுதியே வைத்திருப்பார்கள்; கையெழுத்துப் போடுமுன் அந்தப் பக்கத்தை மட்டுமாவது படியுங்கள். மருத்துவச் செலவுக்கு 50,000 டாலருக்குக் குறையாத தொகையும், ஊருக்குக் கொண்டுவரும் செலவும் அதில் இருக்க வேண்டும். இந்தியாவை விட்டுக் கிளம்புமுன்பே வாங்கிவிடுங்கள். முறையான கோரிக்கையை நிறுவனம் நிராகரித்தால், ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேன் எனப்படும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டியதில்லை. என் தொழிலுக்கு நட்டம்தான், இருந்தாலும் சொல்கிறேன்.

தூதரகம் எதைச் செய்யும்

பணம் தீர்ந்த சுற்றுலாப் பயணிக்கு டிக்கெட் எடுத்துத் தருவது தூதரகத்தின் வழக்கமான பணி அல்ல. 2009இல் தொடங்கிய இந்தியச் சமூக நல நிதி உண்டு. ஆனால் அது கதியற்று நிற்பவர்களுக்கு, தகுதி பார்த்துத் தரப்படுவது. முதலில் உங்கள் வீட்டுக்குத் தகவல் சொல்லிப் பணம் அனுப்பச் சொல்வார்கள். பாஸ்போர்ட் தொலைந்தால், உள்ளூர்க் காவல் நிலையப் புகாரோடு போனால் அவசரச் சான்றிதழ் தருவார்கள். அதை வைத்து இந்தியாவுக்கு மட்டுமே திரும்பலாம் என்பதால் மிச்சப் பயணம் அதோடு முடியும். பாங்காக்கிலும் ஹனோயிலும் தூதரகம், ஹோ சி மின் நகரத்தில் துணைத் தூதரகம், கோலாலம்பூரில் ஹை கமிஷன் இருக்கின்றன. ஒருவேளை எங்காவது உங்களைப் பிடித்து வைத்தால், புரியாத மொழியில் எழுதிய எதிலும் கையெழுத்துப் போடாமல், “எங்கள் தூதரகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். தூதரக உறவுகள் பற்றிய 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36ஆவது பிரிவு தரும் உரிமை அது.

அம்மாவிடம் சொல்வது

நீங்கள் வயது வந்தவர். அம்மாவின் சம்மதம் சட்டப்படி தேவையில்லை. இருந்தும் சொல்லாமல் கிளம்ப வேண்டாம் என்கிறேன், அதற்கு என் காரணம் பாசம் மட்டுமல்ல. தூதரகமோ மருத்துவமனையோ முதலில் அழைக்கும் எண் அவருடையதாகத்தான் இருக்கும். அழைப்பு வரும்போது நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்றே அவருக்குத் தெரியாவிட்டால், அவரால் உங்களுக்கு எந்த உதவியும் செய்ய முடியாது. பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்க நகல், காப்பீட்டு எண், டிக்கெட்டுகள், எந்தத் தேதியில் எந்த ஊர் என்று தமிழில் எழுதிய ஒரு தாள் ஆகியவற்றை ஓர் உறையில் போட்டு அவரிடம் கொடுங்கள். தனியாக வைக்கச் சொன்ன 19,000 ரூபாய் எந்தக் கணக்கில் இருக்கிறது என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதுங்கள். முப்பது நாள் என்று குறைத்ததை முதலில் சொல்லிவிட்டு, மற்றவற்றைப் பிறகு பேசுங்கள்.

டெலிகிராம் உரையாடலை மட்டும் அழித்துவிடாதீர்கள். அதை அப்படியே படம் எடுத்து வைத்துக்கொண்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் சொல்லுங்கள். அந்த அண்ணன் உங்கள் ஊரில் வேறு யாருக்கெல்லாம் எழுதியிருக்கிறார் என்று நமக்குத் தெரியாது.